கட்டுத்தறியும் அவிழ்முடிச்சும்

தமிழில் செய்யுள் இலக்கணத்திற்கு யாப்பு என்று பெயர். யாத்தல் என்றால் கட்டுதல். சீரும் சீரும் இயைந்து நிற்கும் நிலையைத் தளை என்றனர். ஆநிரையின் காலைப் பிணிக்கும் கயிற்றுக்கும் தளை என்பதே பெயர். அடியும் அடியும் ஓசையால் இணைவதைத் தொடை என்றனர்; அச்சொல் தொடுத்தலினின்று பிறந்தது. கவிதைக் கலைக்குப் பெயர் சூட்டப் புகுந்த நம் முன்னோர், அரசவையையோ போர்க்களத்தையோ நாடாமல், கயிறு திரிக்கும் கையையும் கன்று கட்டும் தொழுவையும் நாடினர் என்பது எண்ணுந்தொறும் இன்பம் பயப்பது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவிபாடும் என்னும் பழமொழியும் இவ்வுறவையே காட்டி நிற்கிறது. அங்குக் கட்டுத்தறி என்றது நெசவுத்தறியை என்று கொள்வாரும் உளர். மாடு கட்டும் தறி என்று கொள்வதே பெருவழக்கு.

கட்டுவதற்கு இத்துணைச் சொற்களைப் படைத்த மக்கள் அவிழ்ப்பதையும் ஒரு கலையாகவே கருதினர். ஆனால் அக்கலையைப் பற்றி எழுதினோர் மிகச் சிலர். கட்டியது நிலைத்து நிற்கும்; கண்ணுக்குத் தெரியும். அவிழ்ப்பதோ ஒரு நொடியில் முடிந்துபோகும் செயல். அந்த ஒரு நொடி வாய்க்காமற் போனதால் மாண்ட உயிர்களின் தொகையோ பெரிது. கொட்டகையில் தீப்பற்றும்போதும், ஏரி உடைந்து வெள்ளம் புகும்போதும், வண்டி குடைசாயும்போதும், கட்டுண்ட விலங்கு தன் வலிமையால் தப்ப இயலாது. அதன் உயிர் ஒரு முடிச்சில் இருக்கிறது. அம்முடிச்சை இட்டவன் மனிதன். ஆகவே அதை விரைந்து அவிழ்க்கும் வழியை ஆராய்ந்து வைக்கும் கடமையும் அவனுடையதே. கட்டும் உரிமையோடு அவிழ்க்கும் பொறுப்பு எவ்வாறு வளர்ந்து வந்தது, எங்கே தளர்ந்தது, இனி எவ்வாறு அமைய வேண்டும் என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

சொல்லில் வாழும் வரலாறு

யானை கட்டும் தூணைப் பழந்தமிழர் கந்து என்றும் வெளில் என்றும் வழங்கினர். மாடு கட்டும் மரம் தறி. நிலத்தில் அறையும் சிறு குச்சி முளை. கயிற்றைத் தாம்பு என்றனர். மாட்டின் கழுத்தில் கிடந்து தறியோடு பிணைப்பது தும்பு. மூக்கில் ஊடுருவி நிற்பது மூக்கணாங்கயிறு. நுகத்தடியில் எருதின் கழுத்தைச் சேர்ப்பது பூட்டாங்கயிறு. ஒவ்வொரு கயிற்றுக்கும் தனித்தனி வேலை, தனித்தனிப் பெயர்.

மதுரகவியாழ்வார் நம்மாழ்வாரைப் போற்றிப் பாடிய பதினொரு பாசுரங்களுக்குக் கண்ணிநுண் சிறுத்தாம்பு என்பது பெயர். கண்ணன் கட்டுண்ட கதையை நினைவூட்டும் அப்பெயரில் தாம்பு நுண்ணியதாகவும் சிறியதாகவும் கண்ணிகள் உடையதாகவும் கூறப்படுகிறது. பிள்ளையைக் கட்டும் தாய், உடல் நோகாத கயிற்றையே தேடுவாள். தாமோதரன் என்னும் திருப்பெயரும் வயிற்றில் தாம்பு உடையவன் என்னும் பொருளதே.

கருநாடக மண்ணில் வாழும் நமக்கு இச்சொற்கள் மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றன. நாம் நுகம் என்பதைக் கன்னடர் நொக என்பர். நாம் மூக்கணாங்கயிறு என்பதை அவர் மூகுதார என்பர். நாம் கொட்டில் என்பதை அவர் கொட்டிகெ என்பர். மாடு கட்டும் கயிற்றைக் கண்ணி என்றே அவர்கள் குறிக்கக் கேட்கிறோம்; ஆழ்வார் பாசுரத்தின் பெயரில் நாம் கண்ட சொல் அண்டை வீட்டுத் தொழுவத்தில் இன்றும் வழங்குகிறது. பொங்கலன்று நாம் மாட்டைக் குளிப்பாட்டிப் புதுக்கயிறு மாற்றுகிறோம். சங்கராந்தி மாலையில் அவர்கள் மாட்டை அலங்கரித்துத் தீயைத் தாண்டச் செய்கின்றனர். மொழி இரண்டாயினும் தொழுவம் ஒன்றே போலும்.

உழவர் கண்ட உத்தி

தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாகாது என்பது நம்மவர் பழமொழி. காலங்கடந்த முயற்சியைப் பழிப்பதாகவே அதை வழங்கி வருகிறோம். அதனுள் ஒரு தொழில் நுட்பமும் பொதிந்துள்ளது. விலங்கின் மீது மனிதனுக்குள்ள பிடி முழுவதும் தும்பின் நுனியில் இருக்கிறது. அந்நுனி எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில், எளிதில் பற்றும் வகையில் அமைதல் வேண்டும் என்பதே அந்நுட்பம்.

அனுபவமுள்ள உழவர் தறியில் மாடு கட்டும் முறையைக் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். கயிற்றைத் தறியில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றுவார். பின்னர் கயிற்றின் நுனியை முடிச்சினுள் முழுவதும் நுழைத்துவிடமாட்டார். நுனியை மடக்கி, அம்மடிப்பை மட்டும் உள்ளே செலுத்தி இறுக்குவார். வெளியே தொங்கும் நுனியைச் சுண்டி இழுத்தால் மடிப்பு உருவிக்கொண்டு வந்துவிடும். முடிச்சு முழுதும் குலைந்துபோகும். மாடு எத்துணை இழுத்தாலும் அவிழாது. மனிதன் மறுநுனியை இழுத்தால் அவிழாமல் நில்லாது. இதனை உருவுமுடிச்சு என்று குறிப்போம்.

முதலில் இடும் அந்த ஒரு சுற்று வீணன்று. சுற்றப்பட்ட கயிறு தறியோடு உரசுவதால் இழுவிசையின் பெரும்பகுதி அவ்வுராய்விலேயே தேய்ந்துவிடுகிறது. இதற்குரிய கணக்கைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை வகுத்தளித்தார். கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.3 என்று கொண்டால், ஒரு முழுச்சுற்றுக்குப் பின் முடிச்சைச் சேரும் விசை ஏறத்தாழ ஆறரையில் ஒரு பங்கே. மாடு முந்நூறு கிலோ எடைக்குச் சமமாக வெட்டி இழுத்தாலும் முடிச்சின்மேல் விழுவது நாற்பத்தைந்து கிலோ அளவே ஆகும். ஆகவே முடிச்சு இறுகிப் போவதில்லை. ஒரு சிறுவனும் அவிழ்க்கலாம். ஆய்லரின் பெயரைக் கேட்டறியாத உழவர் அவர் கண்ட உண்மையைக் கையால் அறிந்திருந்தார்.

நுகத்திலும் இதே அறிவு செயற்பட்டது. பூட்டாங்கயிற்றின் ஒரு நுனி நுகத்தோடு நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். மறுநுனி வளையமாக முளைக்குச்சியில் மாட்டப்படும். எருது கால் இடறி வீழ்ந்தால் வண்டிக்காரர் முடிச்சைத் தேடுவதில்லை, வளையத்தைக் குச்சியினின்று தள்ளிவிடுகிறார், கழுத்து விடுபடுகிறது. நுகத்தின் நடுவில் நிற்கும் ஆணியைப் பகலாணி என்றனர். இரு பக்கமும் சாயாது நிற்பதால் நடுவுநிலைமைக்கு அது உவமையாயிற்று. அதை உருவினால் நுகமே வண்டியினின்று பிரியும். ஒரே ஆணியில் ஒரு வண்டியின் பிணைப்பு முழுவதையும் நிறுத்திய அமைப்பு, ஒரே ஆணியால் அதனை விடுவிக்கும் அமைப்பும் ஆகும்.

சல்லிக்கட்டின் வாடிவாசலும் இவ்வரலாற்றில் இடம்பெறத் தக்கது. அங்குக் காளையின் கயிற்றை அகற்றி விடுவிப்பது தேர்ந்த கைகளின் வேலை. நொடிப்பொழுது தாமதித்தாலும் கயிறு காலில் சிக்கிக் காளைக்கும் மனிதர்க்கும் கேடு நேரும். விடுவித்தபின் காளை எங்கே சென்று நிற்கும், யார் அதை மீண்டும் பிடிப்பார் என்பதற்கும் அங்கே ஓர் இடம் வகுக்கப்பட்டுள்ளது. அவிழ்த்தல் என்பது கயிற்றோடு முடிவதன்று. அவிழ்ந்த விலங்கு செல்லும் வழியையும் சேர்த்து எண்ணுவதே நிறைவான அவிழ்ப்பு. இக்கருத்தை மனத்தில் இருத்துக. ஹெப்பகோடியைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

ஓசூர்ச் சாலையின் கதை

பெங்களூரிலிருந்து தெற்கே ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கால்நடைகளின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒரு வழி. அதன் ஒரு முனையில், ஓசூரை அடுத்த மத்திகிரியில், ஆங்கிலேயர் படைக்குதிரைகளுக்காக நிறுவிய பண்ணை பிற்காலத்தில் கால்நடைப் பண்ணையாக மாறியது. மறுமுனையில், ஆடுகோடியில், 1923ஆம் ஆண்டு கால்நடை வளர்ப்புக்கும் பால்வளத்துக்குமான அரசு நிறுவனம் ஒன்று தோன்றியது. 1927ஆம் ஆண்டு உடல்நலங்குன்றி ஓய்வுக்காகப் பெங்களூருக்கு வந்த காந்தியடிகள் அங்கே சென்று மாடு வளர்க்கும் முறைகளைக் கற்றார். நாட்டை ஆட்டிப்படைத்த பேரரசை எதிர்த்து நின்றவர் ஒரு தொழுவத்தில் மாணவராக அமர்ந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அந்நிறுவனத்தின் தலைமையிடம் 1955இல் அரியானாவிலுள்ள கர்னாலுக்கு மாறிய பின்னரும் ஆடுகோடியில் அதன் தென்மண்டலக் கிளை தொடர்ந்தது.

இவ்விரு முனைகளுக்கும் இடையில் உள்ளது ஆனேக்கல் வட்டத்து ஹெப்பகோடி. கேழ்வரகும் காய்கறியும் விளைந்த மண். மைசூர் நாட்டின் புகழ்பெற்ற ஹள்ளிகார் எருதுகள் உழுத வயல்கள். 1970களின் பிற்பகுதியில் அருகே மின்னணு நகரம் உருப்பெறத் தொடங்கியது. 1978இல் தொடங்கப்பெற்ற பயோகான் நிறுவனம் பின்னர் ஹெப்பகோடியில் பெரும் வளாகம் அமைத்தது. பொம்மசந்திரத் தொழிற்பேட்டையும் வளர்ந்தது. தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம், வட ஆர்க்காடு எனப் பல பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. ஊராட்சியாக இருந்த ஊர் நகரசபையாயிற்று. 2025 ஆகஸ்டில் மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடமும் திறக்கப்பட்டு, ஹெப்பகோடி ஒரு நிலையத்தின் பெயராகவும் ஆயிற்று.

ஆயினும் மாடு போய்விடவில்லை. தொழிற்சாலைச் சுவருக்கும் வாடகைக் குடியிருப்புக்கும் இடையே தகரக் கூரை வேய்ந்த சிறு கொட்டகைகளில் இரண்டும் மூன்றுமாகக் கறவை மாடுகள் நிற்கின்றன. காலையில் நம் வீட்டுக்கு வரும் பால் அவற்றினின்று வருவதும் உண்டு. அவ்வாறு வளர்ப்போருள் நம்மவரும் உளர்.

இச்சாலையின் கதையில் மற்றொருவரையும் மறவாது கூறுதல் வேண்டும். பெங்களூர் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் முதல் இயக்குநராக விளங்கிய என். எஸ். இராமசாமி, மேலாண்மைக் கல்வியின் உச்சியில் அமர்ந்துகொண்டு மாட்டு வண்டியைப் பற்றி ஆராய்ந்தவர். நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகையில், அவற்றை இழுக்கும் எருதின் கழுத்தைப் பற்றி எந்தப் பொறியியல் கல்லூரியும் எண்ணவில்லையே என்று அவர் கவன்றார். கால்நடை ஆற்றலின் மேலாண்மையையும் மாட்டு வண்டியின் சீர்திருத்தத்தையும் பற்றிய அவரது ஆய்வு 1979இல் வெளிவந்தது. நுகத்தால் கழுத்தில் உண்டாகும் புண், சரிவான வழியில் தடுப்புக் கருவியில்லாத வண்டியின் பாரம் முழுதும் எருதின்மேல் சரிவது, பூட்டும் முறையால் வீணாகும் ஆற்றல் ஆகியவற்றை அவர் தொடர்ந்து எடுத்துரைத்தார். எருதின் கழுத்தும் பொறியியலின் பொருளே என்று நாட்டுக்கு உணர்த்தியது அவரது தொண்டு. 2004இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

ஹெப்பகோடிக்கு அணித்தே உள்ள ஹுஸ்கூரில் மத்தூரம்மன் திருவிழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. நூறடிக்கு மேல் உயர்ந்த தேர்களைச் சுற்றுவட்டார ஊர்கள் எருதுகளைப் பூட்டியும் டிராக்டர்களைக் கொண்டும் இழுத்து வருவது நெடுநாள் மரபு. 2024 ஏப்ரலிலும் 2025 மார்ச்சிலும் அத்தகைய தேர்கள் சாய்ந்தன. பின்னையதில் மனித உயிரும் பறிபோயிற்று. உயரமும் காற்றும் பற்றிய பேச்சு எழுந்தது முறையே. அதனோடு எண்ணத்தக்க இன்னொன்றும் உண்டு. வரிசையாகப் பூட்டிய எருதுகளுள் ஓர் இணை மிரண்டாலும், தேர் ஒருபுறம் சாயத் தொடங்கினாலும், ஒவ்வோர் இணையையும் வடத்தினின்று உடனே பிரிக்க வழி வேண்டும். இழுக்கும் வலிமைக்கு நாம் தரும் மதிப்பு, விடுவிக்கும் விரைவுக்கும் உரியதன்றோ?

கடல் கடந்த நாடுகளில்

பிறநாட்டாரும் இவ்வினாவை எதிர்கொண்டனர். இங்கிலாந்தின் குதிரைக் கொட்டில்களில் கயிற்றைத் தொட்டியின் வளையத்தில் முடிந்துவிடாமல், வளையத்தினூடே செலுத்தி, மறுநுனியில் ஒரு மர உருண்டையைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. குதிரை முன்னே வந்தால் உருண்டை தாழ்ந்து கயிறு தொய்யாமல் நிற்கும். பின்னே சென்றால் உருண்டை உயர்ந்து கயிறு நீளும். தொய்ந்த கயிற்றில் கால் நுழைத்துக்கொண்டு வீழும் ஆபத்து இவ்வாறு நீங்கியது. கட்டும் கயிற்றில் கொல்வது பெரும்பாலும் அதன் இறுக்கமன்று, அதன் தொய்வே என்று அவர்கள் கண்டனர்.

அமெரிக்க நகரங்களின் தீயணைப்பு நிலையங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலையை வியக்கத்தக்க நிலைக்கு உயர்த்தின. தந்திக் கம்பி வழியே அபாய மணி ஒலித்ததும் அதே மின்விசையால் கொட்டில்களின் தடுப்புகள் தாமே திறந்தன. பழக்கப்பட்ட குதிரைகள் தாமாக ஓடிவந்து வண்டியின் முன்னே நின்றன. கூரையில் தொங்கிய சேணக்கட்டு அவற்றின் மீது இறங்கியது. கீல் வைத்த கழுத்துப்பட்டை ஒரே சொடுக்கில் பூட்டிக்கொண்டது. பல நிமிடங்கள் பிடித்த வேலை சில நொடிகளில் முடிந்தது. அங்கே நோக்கம் விரைந்து பூட்டுவது. எனினும் விரைந்து பூட்டக்கூடிய பட்டை விரைந்து கழற்றக்கூடியதும் ஆயிற்று.

பால்பண்ணைகள் பெருகியபோது மாட்டின் கழுத்தை இரு செங்குத்துச் சட்டங்களுக்கு இடையே நிறுத்தும் அமைப்பு வந்தது. ஒரு சட்டம் அசையாது. மற்றது சாய்ந்து திறக்கும். இதன் சிறப்பு, வரிசையின் கோடியிலுள்ள ஒரு நெம்புகோலை இழுத்தால் வரிசை முழுவதும் ஒருங்கே திறப்பது. நாற்பது மாடுகளுக்கு நாற்பது முடிச்சுகளை அவிழ்க்க வேண்டிய நிலையினின்று ஒரே கைவினைக்கு அது வழி செய்தது.

1944இல் கிளிஃபர்டு ஆஷ்லி என்னும் அமெரிக்கர் முடிச்சுகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். எண்ணிட்டு அவர் தொகுத்தவை மூவாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்டவை. மாலுமியும் உழவனும் மீனவனும் குதிரைக்காரனும் அதில் ஒருங்கே நிற்கின்றனர். நம் உழவர் இடும் முடிச்சுகளைத் தொகுத்து அத்தகைய நூலொன்று தமிழில் வரவேண்டும் என்பது எம் அவா. கற்றாழை நாரும் சணலும் தேங்காய் நாரும் திரித்த கைகள் ஓய்ந்துபோகும் முன்பே அப்பணி நடைபெறுதல் நலம்.

பேரிடரும் சட்டமும்

1977 நவம்பரில் ஆந்திரக் கடற்கரையைத் தாக்கிய புயலின் கடற்பெருக்கு ஆயிரக்கணக்கான மக்களையும் பெருந்தொகையான கால்நடைகளையும் கொண்டுபோயிற்று. 1999 அக்டோபரில் ஒடிசாவைச் சூறையாடிய பெரும்புயலில் மடிந்த மாடுகள் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டவை என்று மதிப்பிடப்பட்டது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் காவிரிக் கழிமுகத்தின் தென்னையையும் தொழுவத்தையும் ஒருங்கே சாய்த்தது. இம்மடிவுகள் எல்லாம் கயிற்றால் நேர்ந்தவை என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் மாடு நீந்தும் உயிர். கட்டற்ற மாடு மேட்டு நிலத்தை நாடும். கட்டுண்ட மாட்டுக்கோ அந்த வாய்ப்பே இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெள்ளத்துக்கும் புயலுக்கும் வகுத்துள்ள அறிவுரைகளில், கால்நடைகளை அவிழ்த்துவிடுக என்பதும் இடம்பெற்றிருப்பது இக்காரணம் பற்றியே.

சட்டமும் கயிற்றைப் பற்றிப் பேசுகிறது. நடனக் கலையை மீட்டெடுத்த உருக்குமணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவை உறுப்பினராகி, விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென முயன்றார். அம்முயற்சியின் விளைவாக 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, முறையற்ற குறுகிய கயிற்றிலோ மிகக் கனத்த சங்கிலியிலோ விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. கட்டின் நீளத்தையும் எடையையும் காலத்தையும் சட்டம் வரையறுத்துவிட்டது. அது சொல்லாமல் விட்டது அவிழ்ப்பின் விரைவு. அதை நம் அறிவே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கருவியின் இலக்கணம்

பழைய முறை ஏன் தளர்ந்தது? கயிறு மாறியது, தறி மாறியது, வீட்டின் அமைப்பும் மாறியது. நார்க்கயிறு சொரசொரப்பானது, முடிச்சைப் பிடித்து நிற்கும், நாட்பட்டால் நைந்து அறும். நைலான் கயிறு வழுவழுப்பானது. அது நழுவும் என்று அஞ்சி ஒன்றன்மேல் ஒன்றாக முடிச்சிடுகிறோம். அக்கயிறு இழுவையில் நீண்டு, பின் சுருங்கி, முடிச்சுகளைக் கல்லாக இறுக்கிவிடுகிறது. தீயில் உருகிக் கழுத்தில் ஒட்டுகிறது. மரத்தறி போய்ச் சுவரில் பதித்த இரும்பு வளையம் வந்தது. திருட்டுக்கு அஞ்சிச் சங்கிலியும் பூட்டும் வந்தன. பூட்டின் சாவி வீட்டுக்குள் எங்கோ தொங்குகிறது. கொட்டகையில் தீ எரிகிறது. திருடனை நினைத்தோம், தீயை மறந்தோம்.

யாப்புக்கு உறுப்புகள் வகுத்தது போலவே நல்ல அவிழ்கருவிக்கும் சில உறுப்புகளை வகுக்கலாம்.

முதலாவது, இழுவையின்போதே அது திறக்க வேண்டும். சங்கிலியில் வரும் சாதாரண வில்கொக்கியைக் கழற்ற, முதலில் சங்கிலி தொய்ய வேண்டும். மிரண்ட மாடு பின்னோக்கி இழுக்கும்போது அது தொய்யாது, கொக்கியும் கழலாது. இதற்கென ஒரு கொக்கி உண்டு. அதன் வளைந்த நாக்கு கீலில் ஆடும். நாக்கின் நுனியை ஒரு குழல்வளையம் மூடி நிற்கும். வளையத்தை நகர்த்திய அளவில் நாக்கு திறந்துகொள்ளும். மாடு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு விரைவாகத் திறக்கும். எதிரியின் வலிமையையே தன் வலிமையாக்கும் மல்லனின் உத்தி அது.

இரண்டாவது, விலங்கு தானே திறத்தல் ஆகாது. மாடு நக்கும், உரசும், கொம்பால் நெம்பும். ஆகவே திறக்கும் அசைவு அவற்றினின்று வேறுபட்டதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கழுத்தில் கிடப்பது சுருக்காக இருத்தல் கூடாது. இழுக்க இழுக்க இறுகும் உருவாஞ்சுருக்கு மூச்சை அடைக்கும். அளவு மாறாத கண்ணியே கழுத்துக்கு உரியது. கயிறு முறுக்கேறாதிருக்க இடையில் ஒரு சுழல்வளையமும் வேண்டும். மாடு படுக்கவும் தொட்டியை எட்டவும் போதிய நீளம் வேண்டும். கால் நுழையும் அளவுக்குத் தொய்வு கூடாது.

நான்காவது, பல மாடுகள் நிற்குமிடத்தில் ஒரே செயலால் அனைத்தும் விடுபட வேண்டும். சுவரோரம் ஒரு நீண்ட இரும்புக் கம்பி. ஒவ்வொரு தும்பின் வளையமும் அதில் கோக்கப்பட்டிருக்கும். கம்பியை உருவினால் அனைத்தும் விடுபடும். எளிய அமைப்பே ஆயினும் பத்து மாடுகள் ஒருங்கே இழுத்தால் கம்பி வளைந்து சிக்கிக்கொள்ளும். மாட்டுக்கொரு சிறு தாழும், அத்தாழ்களை இணைக்கும் ஒரு நெம்புகோலும் அமைப்பது மேல். துரு இக்கருவிகளின் பகை. எண்ணெயும் மாதந்தோறும் ஒரு சோதனையும் அதற்கு மருந்து.

ஐந்தாவது உறுப்பே ஹெப்பகோடிக்கு மிக இன்றியமையாதது. நள்ளிரவில் அவிழ்ந்த மாடு எங்கே செல்லும்? சிற்றூரில் அது வயலுக்குச் செல்லும். இங்கோ நூறடி தொலைவில் ஓசூர் நெடுஞ்சாலை. இடைவிடாது விரையும் சரக்கு லாரிகள். தீயினின்று தப்பிய மாடு சாலையில் மாளலாம். இருசக்கர வண்டியில் வரும் தொழிலாளி ஒருவரும் அதனோடு மாளலாம். அழுத்தம் மிகுந்தால் தானே அறும்படி வலுக்குறைந்த ஒரு கண்ணியை இடையில் வைப்பது குதிரை வளர்ப்போரின் வழக்கம். சுற்றுவேலி உள்ள பண்ணைக்கு அது நன்று. சாலையோரக் கொட்டகைக்குத் தீது. ஆகவே இங்கு விடுதலை இருபடியாக அமைய வேண்டும். முதற்படி, தறியினின்று விடுபடுதல். இரண்டாம்படி, சாலையின் எதிர்ப்புறமாகத் திறக்கும் வாயிலொன்று. கொட்டகை கட்டும்போதே அவ்வாயிலின் திசையைக் குறித்துவிட வேண்டும். வாடிவாசலில் காளை போய்ச் சேரும் இடத்தை முன்னரே வகுத்துவைத்த நம்மவர்க்கு இது புதிதாகாது.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பொம்மசந்திரத்துப் பட்டறைகளில் கடைசல் இயந்திரத்தின் முன்னே நாள்முழுதும் நின்று, மயிரிழை பிழையாமல் உதிரிப்பாகம் செய்யும் தமிழ் இளைஞர் பலர். வெளிநாட்டு ஊர்திகளுக்குத் தாழும் கீலும் செய்யும் அக்கைகளுக்கு, ஒரு குழல்வளையக் கொக்கி அரைநாள் வேலை. எருதின் கழுத்தை எந்தப் பொறியியல் கல்லூரியும் எண்ணவில்லை என்று இராமசாமி கவன்ற அக்குறையை ஒரு சிறு பட்டறை போக்கலாம். நம் சங்கமும் தைத்திங்களில் கோலத்துக்கும் பேச்சுக்கும் பரிசு வழங்குவதோடு, நல்லதோர் அவிழ்கருவிக்கும் ஒரு பரிசு வழங்கலாம்.

கருவி வரும்வரை உருவுமுடிச்சு இருக்கிறது. அடுத்த மாட்டுப் பொங்கலன்று புதுக்கயிறு மாற்றும் இல்லத்தார்க்கு ஒரு விண்ணப்பம். கொம்புக்கு வண்ணம் தீட்டி, மாலை சூட்டி, பொங்கல் ஊட்டிய பின், வீட்டின் இளைய பிள்ளையை அழைத்து, விளக்கை அணைத்து, இருளில் ஒரே கையால் அக்கயிற்றை ஒருமுறை அவிழ்க்கச் சொல்லுங்கள். பிள்ளையின் கை தடுமாறினால் கட்டு சரியில்லை, மீண்டும் கட்டுங்கள். எளிதில் அவிழ்ந்தால் அந்தத் தொழுவில் அவ்வாண்டு முழுதும் அச்சமின்றி உறங்கலாம், மாடும், நீங்களும்.